கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பேசுகிறவள்

அக்காவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. யாரிடமாவது எதையாவது சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றிவிட்டால், முதலில் தலையில் மாட்டியிருக்கும் கூடைக் கயிற்றைக் கழற்றுவாள். கூடையை இரண்டு தேயிலைச் செடிகளுக்கு நடுவே சாயாமல் நிறுத்துவாள். இடுப்பில் கட்டியிருக்கும் சாக்குப் படங்கை ஒரு தட்டுத் தட்டுவாள். அதற்குப் பிறகுதான் வாயைத் திறப்பாள். தூரத்து நிரையில் நிற்கும் எங்களுக்கு வார்த்தைகள் கேட்காவிட்டாலும் கூடை இறங்குவது தெரியும். "யாருக்கோ இன்னைக்கு இருக்கு" என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம்.

பெரும்பாலும் அது ஐயாவுக்குத்தான் இருக்கும்.

ஐயாவுக்கு எஹலியகொடவுக்கு மேலே, ரப்பர் தோட்டத்தின் எல்லையை ஒட்டிய சரிவில் மூன்று ஏக்கர் தேயிலை. இடையிடையே மிளகுக் கொடி, வீட்டுக்குப் பின்னால் இரண்டு மாடு. அதற்கு முன்பு ஒரு பெரிய தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். தோட்டத்தை நடத்திய துரையோடு சண்டை போட்டுக்கொண்டு வேலையை விட்டுவிட்டு, சொந்தமாக நிலம் வாங்கி வந்து உட்கார்ந்தார். நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. நாங்கள் அந்த ரப்பர் தோட்டத்து லயங்களில், தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்தவர்கள். தோட்டத்தில் பால்வெட்டு இல்லாத நாட்களில் ஐந்தாறு பெண்கள் ஐயாவிடம் கொழுந்து பறிக்கப் போவோம். எனக்கு அப்போது இருபத்தாறு வயது, ஒரு பெண்குழந்தை.

மழை பெய்தால் ஐயா மழையைத் திட்டுவார். வெயில் அடித்தால் வெயிலை. மாடு கொஞ்சமாகப் பால் கொடுத்தால் மாட்டை, நிறையக் கொடுத்தால் இதை யார் குடிப்பது என்று எங்களை. "நாசம்" என்ற சொல் அவருக்கு மூச்சு மாதிரி. ஆனால் காலை பத்து மணிக்கு எல்லோருக்கும் பால் ஊற்றாத பிளேன்டி வரும், கூடவே ஒரு துண்டு கருப்பட்டியும் வரும். "குடிச்சுத் தொலைங்க" என்று சொல்லித்தான் தருவார். கையில் ரத்தம் வந்தால் வீட்டிலிருந்து மஞ்சளும் துணியும் எடுத்துக்கொண்டு, கண் தெரியவில்லையா என்று கத்தியபடி ஓடி வருவார். அவரைக் கண்டு யாரும் பயப்படவில்லை. ஆனால் யாரும் பதிலும் சொன்னதில்லை.

அக்கா வந்த அன்று ஐயா மேட்டில் நின்று, பறித்த நிரையில் கொழுந்து விட்டுப்போயிருப்பதாகக் கத்திக்கொண்டிருந்தார். ரோட்டிலிருந்து ஒரு பெண் விறுவிறுவென்று ஏறி வந்தாள். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். எங்கள் மேல் லயத்துக்குப் புதிதாகக் குடிவந்த அம்மாவின் மகள் என்று எனக்குத் தெரியும். அவ்வளவுதான் தெரியும், அக்கா என்று கூப்பிடத் தொடங்கியது பிறகுதான். கையில் காலிக் கூடை. அதைக் கீழே வைத்தாள்.

"நீங்க கத்துறது ரோட்டு வரைக்கும் கேக்குது. ஆளு பத்தலன்னுதானே கத்துறீங்க? நான் வாரேன்" என்றாள்.

ஐயா அவளை மேலும் கீழும் பார்த்தார். "உன்ன யாரு கூப்பிட்டா?"

"நீங்கதான். இவ்வளவு நேரமா ஊரையே கூப்பிட்டீங்களே."

நாங்கள் செடிக்குள் குனிந்துகொண்டோம். ஐயா நிரைகளை ஒரு முறை எண்ணிப் பார்த்தார். பிறகு, "அந்தக் கடைசி நிரையில போய் நில்லு. முத்தல் எல பறிச்சா மூஞ்சியில வீசுவேன்" என்றார்.

"வீசினா திருப்பி வீசுவேன். எனக்குக் கையும் இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கடைசி நிரைக்குப் போனாள்.

முத்தல் இலையை மாற்றி வீசிக்கொள்ளும் சந்தர்ப்பம் அவர்களுக்கு வரவில்லை. முத்தல் விவகாரம் என்னிடம்தான் வந்தது. ஒரு முறை குழந்தைக்குக் காய்ச்சல். வேகமாகக் கூடையை நிரப்பிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்று அடியில் முத்தல் இலையைப் போட்டு மேலே நல்ல கொழுந்தைப் பரப்பியிருந்தேன். கொழுந்து நிறுக்கும் கொட்டிலுக்கு முன்னால் எல்லோரும் வரிசையாக நின்றபோது அக்கா கூடையை இறக்கினாள். 

"ஏ புள்ள, உன் கூடையில அடியில முத்தல் கெடக்கு. நீயே எடுத்துப் போடுறியா, நான் எடுக்கவா?"

ஐயாவும் நின்றார், மற்றப் பெண்களும் நின்றார்கள். நான் எல்லாவற்றையும் கீழே கொட்டி, அழுதுகொண்டே பொறுக்கினேன். அக்காவும் குந்தி உட்கார்ந்து என்னோடு சேர்ந்து பொறுக்கினாள். சாயந்தரம் ஒரு தட்டில் ரொட்டியும் சம்பலும் எடுத்துக்கொண்டு லயத்தில் என் ஒற்றை அறைக் காம்பராவுக்கு வந்தாள். "உங்கிட்டதான் சொன்னேன். உன்ன விட்டுட்டு ஐயாகிட்ட போய்ச் சொல்லல. புள்ளைக்கு எப்படி இருக்கு?" என்றாள். ரொட்டியை வாங்கிக்கொண்டேன். அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோர் முன்னாலும் குந்தியிருந்து பொறுக்கியது மட்டும்தான் எனக்குள் நின்றது.

அவளுடைய வாயால் எங்களுக்கு நல்லதும் நடந்தது, கெட்டதும் நடந்தது. சண்டை நடந்த அந்தக் காலத்தில் அவிசாவளைப் பக்கம் போகும் பஸ்ஸை ஆமிக்காரர்கள் நிறுத்தி எல்லோரையும் இறக்கி அடையாள அட்டை பார்ப்பார்கள். ஒரு நாள் கொளுத்தும் வெயிலில் எங்களை வரிசையில் நிறுத்தியிருந்தபோது, அக்கா துப்பாக்கியோடு நின்ற பையனிடம் நல்ல சிங்களத்தில், தம்பி முறை சொல்லி, "மல்லி, உங்க அம்மா இப்படி வெயில்ல நின்னா நீங்க பாத்துக்கிட்டு இருப்பீங்களா?" என்று கேட்டாள். அவன் சிரித்துவிட்டான். கைக்குழந்தைக்காரிகளை மரத்தடிக்கு அனுப்பினான். அடுத்த மாதம் அதே இடத்தில் இன்னொருவனிடம் அதே மாதிரி ஏதோ கேட்டாள். எங்கள் பஸ்ஸை இரண்டு மணி நேரம் நிறுத்திவைத்தார்கள். பஸ்ஸில் இருந்த எல்லோரும் அவளைத் திட்டினார்கள். "நான் கேட்டதுல தப்பு என்னன்னு சொல்லுங்க, திருத்திக்கிறேன்" என்றாள். யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அதனால் இன்னும் கூடுதலாகத் திட்டினார்கள்.

அவளுக்குக் கல்யாணம் ஆகாததற்கும் அந்த வாய்தான் காரணம் என்று அவளுடைய அம்மா சொல்வார். பெண் பார்க்க வந்த மூன்று இடமும் போய்விட்டதாம். ஒரு மாப்பிள்ளையிடம், அவனுடைய தாய் தகப்பன் முன்னாலேயே, "குடிப்பீங்களா? இப்பவே சொல்லிட்டா நல்லது" என்று கேட்டிருக்கிறாள். அவன் இல்லை என்றிருக்கிறான். "அப்ப இந்த வாடை யாருடையது?" என்று அடுத்த கேள்வி. அம்மா இதைச் சொல்லும்போது தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் சிரிப்பையும் அடக்க மாட்டார். மூச்சு இழுப்பு உள்ளவர், சிரித்தால் இருமல் வந்துவிடும்.

ஐயாவுக்கும் அக்காவுக்கும் நடுவில் எப்போது என்ன ஆரம்பித்தது என்று என்னால் சரியாகச் சொல்ல முடியாது. கவ்வாத்து விஷயம் ஒன்று நினைவிருக்கிறது. தேயிலைச் செடியைச் சில வருடங்களுக்கு ஒரு முறை கட்டையாக வெட்டிவிடுவார்கள், அதுதான் கவ்வாத்து. மழை நின்றுபோகும் நேரத்தில் ஐயா நிலத்தின் மேல் துண்டைக் கவ்வாத்து வெட்டக் கிளம்பினார். "இப்ப வெட்டாதீங்க, காஞ்சு போகும்" என்றாள் அக்கா. "நான் கணக்கப்பிள்ளையா இருந்தவன்" என்றார் ஐயா. வெட்டினார். மேல் துண்டில் பாதி காய்ந்துபோனது. அக்கா அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. நடந்து முடிந்ததைக் குத்திக் காட்டுகிறவள் இல்லை அவள்.

அடுத்துக் கீழ்த் துண்டின் முறை வந்தபோது ஐயா அவளுடைய நிரைக்குப் பக்கத்தில் வந்து நின்று, வானத்தைப் பார்த்தபடி, "இப்ப வெட்டலாமா என்னவோ" என்றார்.

"யார்கிட்ட கேக்குறீங்க?"

"வானத்துக்கிட்ட."

"வானம் பேசாது. எங்கிட்ட கேளுங்க."

ஐயா தொண்டையைச் செருமினார். பக்கத்து நிரையில் இருந்த நான் பறிப்பதை நிறுத்திவிட்டேன். கடைசியில், "வெட்டலாமா?" என்று கேட்டார். "இன்னும் ரெண்டு கிழமை போகட்டும்" என்றாள் அக்கா. ஐயா "நாசம்" என்று சொல்லிவிட்டுப் போனார். சரியாகப் பதினாலு நாள், இரண்டு கிழமை கழித்துத்தான் வெட்டினார்.

அதற்குப் பிறகு சின்னச் சின்னதாகச் சில. ஐயா ஞாயிற்றுக்கிழமை சந்தையிலிருந்து ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கி வந்து, "வழியில கெடந்துச்சு" என்று அவள் முன்னால் போட்டார். விலைச் சீட்டு அப்படியே ஒட்டியிருந்தது. "வழியில கெடந்த செருப்புக்கு என் அளவு எப்படித் தெரிஞ்சது?" என்று அவள் கேட்டதும், மனிதர் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டார். அன்று முழுவதும் எங்களில் யாரையும் திட்டவில்லை. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

ஒரு மழைக்காலத்தில் ஐயா தண்ணீர் ஓடும் கானுக்குள் வழுக்கி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் மாவுக் கட்டுப் போட்டு ஆறு வாரம் நடக்கக் கூடாது என்றார்கள். தனி ஆள். முதல் இரண்டு நாள் யாரோ கடையில் பேக்கரிப் பாண் வாங்கிக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் அக்கா பதினொரு மணிக்குக் கூடையை இறக்கி வைத்துவிட்டு அவருடைய அடுப்படிக்குப் போனாள். கதவையும் ஜன்னலையும் அகலத் திறந்துவைத்தாள். உள்ளே பேசுவது எல்லாம் சரிவில் நிற்கிற எங்களுக்குக் கேட்டது. உப்பு கூட என்பார் அவர். அப்படியென்றால் தண்ணீர் ஊற்றிக் குடியுங்கள் என்பாள் அவள். ஆறு வாரமும் பகலில்தான், எங்கள் கண்முன்னால்தான்.

கட்டு அவிழ்த்த கிழமையில் ஒரு நாள் நான் அடுப்படிக்குப் பக்கத்து நிரையில் பறித்துக்கொண்டிருந்தேன். ஐயா தடி ஊன்றி ஜன்னலருகே நின்றிருந்தார்.

"இனி நீ கொழுந்துக்குப் போக வேணாம். இங்கயே சமைச்சுக்கிட்டு இரு" என்றார்.

"சம்பளத்துக்குச் சமைக்கச் சொல்றீங்களா, இல்ல வேற எதுவுமா?"

"எல்லாத்துக்கும் பேரு வைக்கணுமா?"

"வைக்கணும். நாம வைக்கலன்னா ஊர்ல ஒரு பேரு வைப்பாங்க. எனக்கு உங்க மேல இஷ்டம் இருக்கு. அத நான் சொல்லிட்டேன். உங்களுக்கு இருந்தா, ஊரறியச் சொல்லுங்க. சமையக்காரின்னு பேரு சொல்லி நான் உள்ள வர மாட்டேன்."

ஐயா அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா வெளியே வந்து கூடையை மாட்டிக்கொண்டு நிரைக்குப் போனாள். கூடைக் கயிறு முறுக்கிக்கொண்டிருந்ததை அவள் கவனிக்கவில்லை. அவளுக்கும் தடுமாறும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

ஐயாவின் தமக்கை எஹலியகொட டவுனில் புருஷனோடு துணிக்கடை வைத்திருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சந்தையில் என்னைப் பார்த்து, தம்பியின் கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். நல்லா இருக்கு என்றேன். அதோடு விட்டிருக்கலாம். "இப்ப மேல் லயத்து அக்கா அடுப்படி வரைக்கும் போய்வந்து புழங்குறாங்க" என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன். சொன்னது பொய் இல்லை. கால் உடைந்து கிடந்ததால் போனாள் என்பதைச் சொல்லவில்லை. கதவு திறந்திருந்ததைச் சொல்லவில்லை. அவள் ஜன்னலருகே சொன்ன பதிலையும் சொல்லவில்லை. தமக்கையின் முகம் மாறுவதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு வெங்காயம் வாங்கப் போனேன்.

செவ்வாய்க்கிழமை காலை அவர் முச்சக்கர வண்டியில் வந்து இறங்கி, குடையைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி வந்தார். நேராக அக்காவிடம் போனார்.

"லயத்துப் பொண்ணுக்கு என் தம்பி வீட்டு அடுப்படியில என்ன வேல?"

அக்கா கூடையை இறக்கினாள். "கால் ஒடஞ்சு கெடந்தாரு. சோறாக்கினேன். கதவு தொறந்தேதான் இருந்துச்சு. அதுக்கு மேலயும் எங்களுக்குள்ள ஒண்ணு இருக்கு. நான் மறைக்கல. நீங்க அவர்கிட்டயே கேளுங்க."

அந்த அம்மா திரும்பினார். ஐயா கொட்டிலுக்கு முன்னால் நின்றிருந்தார்.

"என்ன தம்பி? இவ சொல்ற மாதிரி ஏதாவது இருக்கா? நம்ம ஆளுங்க மூஞ்சியில முழிக்க வேணாமா நாங்க?"

நாங்கள் எல்லோரும் கையை நிறுத்திவிட்டோம். ஐயா தமக்கையைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். துரையையே எதிர்த்துவிட்டு வந்த மனிதர் அவர். இப்போது ஏதோ சொல்லப்போகிற மாதிரி வாயைத் திறந்தார்.

"மாட்டுக்குத் தண்ணி காட்டணும்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் பின்னால் போய்விட்டார்.

அக்கா கூடையைத் தூக்கினாள். பிறகு பறித்த கொழுந்தைக் கொட்டிலில் கொட்டினாள். பீப்பாத் தண்ணீரில் கையைக் கழுவினாள். அந்த அம்மாவிடம், "தண்ணி காட்டி முடிச்சதும் சொல்லுங்க, நான் போய்ட்டேன்னு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

அன்று சாயந்தரம் லயத்துப் பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் வந்தாள்.

"யாரோ அந்தம்மாகிட்ட சொல்லியிருக்காங்க. நீயா?"

"நானில்லக்கா."

என் கண்ணைப் பார்த்தாள். "சரி" என்றாள். நம்பிவிட்டாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது என்பதாலோ என்னவோ, மற்றவர்கள் முகத்தில் பொய்யைக் கண்டுபிடிக்கவும் தெரியவில்லை. பிறகு, கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்குப் போவதாகச் சொன்னாள். "இனி இங்க இருந்தா வாய்க்கு வந்தத எல்லாரும் பேசுவாங்க, அம்மாவுக்குத் தாங்காது. அம்மாவக் கொஞ்சம் பாத்துக்கிறியா? உன்ன விட்டா எனக்கு இங்க ஆளில்ல" என்றாள்.

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பார்த்தும் கொண்டேன். காலையில் கஞ்சி, சாயந்தரம் வெந்நீர், கிழமைக்கொரு முறை மருந்து. யாரும் என்னைக் குறை சொல்ல முடியாதபடி பார்த்துக்கொண்டேன்.

ஐயா அந்த மாதங்களில் திட்டுவதை விட்டுவிட்டார். முதலில் நிம்மதியாக இருந்தது, பிறகு பயமாக இருந்தது. மழை பெய்தால் மழையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஒரு நாள் என் கை தவறி அவருடைய கண்ணாடிக் கிளாஸ் உடைந்தது. "சரி, கால் பத்திரம்" என்றார். எங்களில் ஒருத்தி அதைக் கேட்டு அழுதுவிட்டாள்.

ஏழாவது மாதம் அம்மா இறந்துபோனார். பகல் நேரம், விடாத மழை. கொழும்பு வீட்டுக்குக் கடையிலிருந்து போன் பண்ணினோம். அந்த வீட்டுக்காரர்கள் அக்காவிடம் மறுநாள்தான் சொன்னார்கள். மழையில் உடம்பை வைத்திருக்க முடியாது என்று பெரியவர்கள் எடுத்துவிட்டார்கள். குழி வெட்டிய நாலு பேரில் ஐயாவும் ஒருவர். நொண்டிக் காலோடு சேற்றில் நின்று, யார் சொல்லியும் மண்வெட்டியைக் கொடுக்காமல் வெட்டினார். அக்கா வந்து சேர்ந்தபோது மண் மூடியாகிவிட்டது.

"கஷ்டப்பட்டாங்களா?" என்று என்னிடம் கேட்டாள்.

"இல்லக்கா. தூங்குற மாதிரி போய்ட்டாங்க."

பதினாறாம் நாள் காரியத்துக்கு லயத்து இஸ்தோப்புத் திண்ணை முழுக்க ஆட்கள். ஐயா வெள்ளைச் சட்டை போட்டு வந்து, வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார். கை கழுவிய பிறகும் போகவில்லை. அக்கா தண்ணீர்ச் செம்போடு அவர் முன்னால் வந்து நின்றாள்.

"சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன். உப்பு கூட."

"சாவு வீட்டுல உப்புப் பாக்கவா வந்தீங்க?"

"இல்ல. அங்க தேயிலை நாசமாப் போகுது."

"ஆளு வேணும்னா சங்கத் தலைவர்கிட்ட கேளுங்க. அந்தா உக்காந்திருக்காரு."

"ஆளு வேணும்னு வரல." அவருடைய குரல் இறங்கிவிட்டது. "நீ வேணும்னு வந்தேன்."

"பின்னால இருக்கிறவங்களுக்குக் கேக்கல" என்றாள் அக்கா.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை இலையிலேயே வைத்துக்கொண்டு பார்த்தார்கள். ஐயாவின் காது சிவந்துபோனது. திடீரென்று மேட்டில் நின்று எங்களைத் திட்டுகிற அதே குரலில் கத்தினார்.

"உன்னக் கல்யாணம் கட்டக் கேட்டு வந்திருக்கேன்! அன்னைக்கு எங்கக்கா முன்னால சொல்லாம மாட்டுக்கிட்ட போய் நின்னது என் தப்பு! போதுமா?"

அக்கா செம்பைக் கீழே வைத்தாள். அவள் அழுவாள் என்று நினைத்தேன். "போதும்" என்றாள். "ஆனா இது எங்கம்மா காரியம். இன்னைக்கு இதுக்குப் பதில் சொல்ல மாட்டேன். நாளைக்குக் காலையில வேலைக்கு வாரேன். அங்க சொல்றேன்."

மறுநாள் வந்தாள். கூடையை இறக்கி வைத்துவிட்டு எங்கள் எல்லோர் முன்னாலும், "சம்மதம். ஆனா கொழுந்து பறிக்கிறத விட மாட்டேன். கவ்வாத்து எப்பன்னு நான்தான் சொல்லுவேன்" என்றாள். "வானத்துக்கிட்டயே கேட்டிருக்கலாம்" என்றார் ஐயா. இரண்டு கிழமைக்குள் கோயிலில் தாலி கட்டினார். தமக்கை வரவில்லை. ஒன்றரை வருடம் கழித்து வந்தார். அக்கா அவரை உட்காரவைத்து, "அன்னைக்கு நீங்க பேசினது எனக்கு இன்னும் கோபந்தான். இருந்து சாப்பிடுங்க" என்று சொல்லிச் சோறு போட்டாள். அந்த அம்மா திகைத்துப்போய்ச் சாப்பிட்டார். பிறகு அடிக்கடி வரத் தொடங்கினார்.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. நாள் முழுக்கச் சண்டைதான். ஐயா முன்னைவிடக் கூடுதலாகத் திட்டினார். ஆனால் கூடையில் பாரம் ஏறிவிட்டால், அக்கா கேட்பதற்கு முன்னால் வந்து, முணுமுணுத்துக்கொண்டே தூக்கிப்போவார்.

எனக்கு அது முடிந்துபோன விஷயமாகவே இருந்தது. எல்லாம் நல்லபடியாக ஆகிவிட்டதே என்று மனதைச் சமாதானப்படுத்தி வைத்திருந்தேன். வருடங்கள் ஓடின. மகளுக்கு நல்ல இடத்தில் சம்பந்தம் பேசத் தொடங்கினார்கள், அந்தச் செலவுக்காக நான் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போவதாக முடிவானது. கிளம்புகிற அன்று பகல் இரண்டு மணிக்குச் சொல்லிவிட்டுப் போக அக்கா வீட்டுக்குப் போனேன். மூன்று மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பின்வாசல் படியில் உட்கார்ந்து மிளகு ஆய்ந்துகொண்டிருந்தாள். திரும்பி வருவேனோ மாட்டேனோ என்ற பயமோ என்னவோ, உட்கார்ந்த உடனேயே சொல்லிவிட்டேன்.

"அக்கா, அன்னைக்கு சந்தையில அந்தத் துணிக்கடை அம்மாகிட்ட சொன்னது நான்தான். பீலியில நீங்க கேட்டப்ப பொய் சொன்னேன்."

அவளுடைய கை மிளகின் மேல் நின்றது. உள்ளே ஐயா எதையோ காணவில்லை என்று தேடிக்கொண்டிருந்தார்.

"ஏன் சொன்ன?"

"முத்தல் எல விஷயம். எல்லார் முன்னாலயும் என்னப் பொறுக்க வச்சீங்க."

"ம்" என்றாள். ஒரு மிளகுக் காம்பைக் கிள்ளி எறிந்தாள். "அதுக்கு எங்கிட்ட சண்ட போட்டிருக்கலாம்ல. நான் தாங்கியிருப்பேன்."

நான் அவள் காலைப் பிடித்தேன். அவள் விலக்கினாள். கோபமாக அல்ல, இலையை ஒதுக்குவது மாதிரி.

"நான் இங்க இருந்திருந்தா எங்கம்மா முகத்தப் பாத்திருப்பேன். மன்னிச்சிட்டேன்னு நீ கேக்க ஆசைப்படுவ. எனக்குப் பொய் சொல்ல வராது. மன்னிக்கல."

நான் எழுந்திருக்கப் பார்த்தேன்.

"உக்காரு. அப்ப அம்மா தூங்குற மாதிரி போனாங்கன்னு சொன்னியே. அது நெசமா?"

நான் இதை எதிர்பார்க்கவில்லை. நிஜம்தான் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்தப் பொய் அவளுக்கு நல்லதுதானே என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பீலியில் பார்த்த மாதிரி இல்லை. இந்த முறை அவளுக்குப் பார்க்கத் தெரிந்திருந்தது.

"இல்லக்கா" என்றேன். "காலையில இருந்தே மூச்சு கஷ்டமா இருந்துச்சு. உங்களத்தான் கேட்டாங்க. வெளிய யாரு நடந்து போனாலும், அவதானே வாரான்னு கேட்டாங்க. வந்துக்கிட்டு இருக்கீங்கன்னு சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் சொன்னேன். ரெண்டு மணி வரைக்கும் கதவ மூட விடல."

அக்கா அழுதாள். எத்தனையோ வருடப் பழக்கத்தில் அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். சத்தமில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நீ இன்னைக்குத்தான் எங்கிட்ட பேசுற" என்றாள்.

ஐயா தேடியது கிடைக்காத எரிச்சலோடு வெளியே வந்தார். ஏதோ கத்த வாயெடுத்தவர் அவளைப் பார்த்ததும் நின்றுவிட்டார். என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, வலிக்கிற காலை நீட்டி, மெல்ல அவளுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். அவருடைய தோள் அவள் தோளில் பட்டது. அப்படியே இருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து, தரையைப் பார்த்தபடி என்னிடம், "ரெண்டரை ஆச்சு. மூணு மணி பஸ்ஸுக்குப் போகணும்னா இப்ப எறங்கணும்" என்றார்.

"இருக்கட்டும்" என்றாள் அக்கா. "அடுத்த பஸ்ல போகட்டும். எங்கம்மா அன்னைக்கு வேற என்னென்ன சொன்னாங்கன்னு நான் கேக்கணும்."

நான் பையைக் கீழே வைத்தேன். அம்மா போன அன்று விடியற்காலையிலிருந்து நடந்த ஒவ்வொன்றையும், எதையும் விடாமல், அவர்கள் இருவருக்கும் சொன்னேன்.